வராது, வரவில்லை



எங்கள் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள் முடிந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. அன்று காதில் விழுந்த ஒரு சொல் இன்னும் அகலவில்லை. அதைப் பற்றியதே இவ்விடுகை. ஆசிரியர்களும் பெற்றோர்களும் ஒருங்கே படித்தால் மகிழ்வேன்.

இரண்டாம் ஆண்டில் பயிலும் ஒரு மாணவனின் தாய் வந்திருந்தார். கணவர் விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர். ஜொகூர் பாருவில் வாழும் நமக்கு இது புதிய செய்தி அன்று. ஆகவே தாய் மட்டுமே வந்தார். நான் பையனின் பயிற்சிப் புத்தகத்தைத் திறப்பதற்குள் அவரே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"இவனுக்குத் தமிழ் வராது டீச்சர்."

பையன் பக்கத்தில்தான் நின்றான். புத்தகப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தான். தாய் சினந்து பேசவில்லை. வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்வதைப்போல் இயல்பாகச் சொன்னார். அதுதான் என்னை உறுத்தியது.

ஒருவருக்கு ஒன்று கைவரவில்லை என்பதைச் சொல்ல நம் மொழியில் எத்தனை வழிகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். வாசிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'வாசிக்கவில்லை' என்றால் செயல் நடக்கவில்லை, அவ்வளவே. 'வாசிக்கத் தெரியாது' என்றால் அறிவு இல்லை, கற்பித்தால் வந்துவிடும். 'வாசிக்க முடியாது' என்றால் கண்ணோ, காதோ, உடல்நலமோ, வீட்டுச் சூழலோ ஏதோ ஒன்று தடுக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். 'வாசிக்க மாட்டான்' என்றால் மனம் இல்லை. நான்கும் நான்கு நோய்கள். மருந்தும் வெவ்வேறு. ஆனால் நடைமுறைப் பேச்சில் நாம் நான்கையும் சுருட்டி, "வாசிக்க மாட்டேங்கிறான்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். தெரியாத பிள்ளை, மாட்டாத பிள்ளையாகிவிடுகிறான். தெரியாமைக்குப் பாடம் சொல்லித் தர வேண்டும். மாட்டாமைக்கோ அடிதான் கிடைக்கும்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழந்தமிழில் 'மாட்டாமை' என்றால் இயலாமை என்றே பொருள். 'மாட்டுதல்' என்பது இயலுதல். இயலாமையைக் குறித்த சொல் நாளடைவில் மனமின்மையைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. சொல் மாறியதைப்போலவே நம் கண்ணும் மாறிவிட்டதோ என்னவோ.

'வராது' என்பதற்கு வருகிறேன். 'வரவில்லை' என்பது இதுவரை நடந்ததைச் சொல்கிறது. 'வராது' என்பதோ இனி நடக்கப்போவதையும் சேர்த்து மறுத்துவிடுகிறது. 'மழை வரவில்லை' என்று சொல்பவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 'மழை வராது' என்று சொல்பவர் துணியைக் காயப்போடப் போய்விடுகிறார். "கணக்கு வராது", "தமிழ் வராது", "பாட்டு வராது" என்று நாம் சொல்லும்போதெல்லாம் அப்படித்தான் துணி காயப்போடப் போகிறோம்.

அந்தப் பையனை மறுநாளிலிருந்து ஓய்வு நேரத்தில் பத்து நிமிடம் என் பக்கத்தில் அமர்த்திக்கொண்டேன். கடல், படம், பாடம், வீடு, குருவி ஆகியவற்றைத் தயக்கமின்றி வாசித்தான். செடி, மேசை, கோழி, பொம்மை என்றவுடன் வாயை மூடிக்கொண்டான். இரண்டு நாள் கழித்தே எனக்கு விளங்கியது. அவனை மிரட்டியது கொம்பு. ஒலிக்கும்போது மெய் முதலில் வருகிறது, உயிர் பின்னால் வருகிறது. எழுதும்போதோ உயிரின் குறியாகிய கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. கண் இடமிருந்து வலமாகப் போகையில் முதலில் கொம்பைக் காண்கிறது. அதற்கென்று தனி ஒலி இல்லை. பிள்ளை அங்கேயே நின்றுவிடுகிறான். கொம்பைத் தாண்டிப் போய் எழுத்தைப் பார், பிறகு திரும்பி வா என்று அவனுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை. 'யாரும்' என்று எழுதியதில் நானும் அடக்கம். ஐந்து மாதங்களாக என் வகுப்பில் இருக்கும் பிள்ளை அவன்.

கணக்கிட்டுப் பார்த்தேன். உயிர்மெய் எழுத்துகள் 216. எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு உயிர்களும் ஏறும்போது எழுத்துக்கு முன்னால் ஒரு குறி வந்து நிற்கும். ஆறு வரிசை, வரிசைக்குப் பதினெட்டு, மொத்தம் 108. உயிர்மெய் அட்டவணையில் சரிபாதி! ஒரேயொரு செய்தி தெரியாததால் பாதி அட்டவணை அவனுக்குப் பூட்டிக் கிடந்தது. 'தமிழ் வராது' என்ற மலை, 'கொம்புள்ள எழுத்துகள் இன்னும் வரவில்லை' என்ற மேடாகச் சுருங்கியது. அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. இன்றும் கோழியைக் 'கொழி' என்றுதான் வாசிக்கிறான். ஆனால் வாயை மூடிக்கொள்வதில்லை.

இனி, நாம் பிள்ளைகளுக்குச் சூட்டும் பெயர்களைப் பற்றி. மக்கு, மண்டு, தத்தி, மந்தம், அரைவேக்காடு, கற்றுக்குட்டி என்று பட்டியல் நீளும். சினத்தில் வாயில் வருபவைதாமே, இவற்றுக்கு என்ன ஆராய்ச்சி என்று கேட்கலாம். இவற்றுள் சில சொற்கள் நாம் பயன்படுத்தும் அளவுக்குக் கொடியவை அல்ல. நாம்தான் அவற்றைக் கொடியவை ஆக்கினோம்.

'கற்றுக்குட்டி' என்பதில் வசை எங்கே இருக்கிறது? கற்றுக்கொண்டிருக்கும் குட்டி. முதலாம் ஆண்டு வகுப்பில் இருப்போர் அனைவரும் கற்றுக்குட்டிகளே. வேறு எப்படி இருப்பார்கள்? தமிழக நாளேடுகளின் விளையாட்டுப் பக்கத்தில் கிரிக்கெட்டில் சிறிய நாடுகளுக்கு இதே பெயர்தான். 2007 உலகக் கிண்ணத்தில் ஒரே நாளில் 'கத்துக்குட்டி' வங்காளதேசம் இந்தியாவையும், 'கத்துக்குட்டி' அயர்லாந்து பாகிஸ்தானையும் வென்றன. அப்படி அழைக்கப்பட்ட ஆப்கானிஸ்தான் 2024-இல் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் ஆஸ்திரேலியாவை வீழ்த்தி அரையிறுதிக்குப் போனது. கற்றுக்குட்டிகள் கற்றுக்கொண்டன.

'மந்தம்' என்றால் மெதுவாக இயங்குதல். கோள்களுள் சனிக்கு 'மந்தன்' என்றொரு பெயர் உண்டு. மெல்ல நகர்வதால் வந்த பெயர். கதிரவனைச் சுற்ற அதற்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் சுற்றி முடிக்கிறது. பாதியில் நின்றுவிடுவதில்லை. 'மந்தமானவன்' என்று ஒரு பிள்ளையைச் சொல்லும்போது அவன் மெதுவானவன் என்று பொருள்கொண்டால், நாம் செய்ய வேண்டியது காத்திருத்தல். நாமோ கைவிடுகிறோம்.

'பேதை' என்பதையும் பாருங்கள். அறிவில்லாதவர் என்பது ஒரு பொருள். பெண்ணின் ஏழு பருவங்களுள் முதலாவது பருவத்துக்கும் அதே பெயர்தான். ஐந்து முதல் ஏழு வயதுவரை பேதை. எட்டு வயதில் பெதும்பை. நம் நாட்டில் பிள்ளைகள் ஏழு வயதில் முதலாம் ஆண்டில் நுழைகிறார்கள். அறியாமை ஒரு பருவம், அது கடந்து போகும் என்பதை இந்தச் சொல்லே வைத்துக்கொண்டிருக்கிறது. திருவள்ளுவரும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடவில்லை. கல்லாமைக்கு 41-ஆம் அதிகாரம். பேதைமைக்கு 84. அதற்கு அடுத்து, தெரியாமலே தெரிந்ததாக நடிக்கும் புல்லறிவாண்மைக்குத் தனியாக 85. கற்காதது வேறு, அறிவிழந்தது வேறு, பாசாங்கு வேறு. நாம் மூன்றுக்கும் சேர்த்து 'மக்கு' என்கிறோம். குப்பையைத் தரம் பிரிக்கும் இடத்தில் 'மக்கும்', 'மக்காத' என்று எழுதிவைப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு வகுப்பறைதான் நினைவுக்கு வருகிறது.

'அரைவேக்காடு', 'நுனிப்புல் மேய்பவர்' ஆகியவை பாசாங்குக்காரருக்கு உரியவை. முழுதும் வெந்துவிட்டதாக மார்தட்டும் பெரியவர்களுக்கு அவற்றை ஒதுக்கிவைக்கலாம். பிள்ளைகளுக்கு வேண்டா. சோறு அரைவேக்காடாக இருந்தால் நாம் சோற்றையா திட்டுகிறோம்?

என் தாயார் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். புதிதாக வேலைக்கு வந்தவரை அங்கே 'புதுக் கை' என்பார்களாம். மக்கு என்பதில்லை. வெட்டு சற்று ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பின்னாளில் அவ்விடத்தில் வெட்டுவது கடினம். அதனால் புதுக் கைக்கு முதலில் வெட்டித் தள்ளப்போகும் கிழட்டு மரங்களைக் கொடுத்துப் பழக விடுவார்களாம். குறை கையில் இருக்கிறது, பழக்கத்தில் இருக்கிறது, ஆளில் இல்லை. எழுத்தறிவு குறைந்த தோட்டத்து மக்களிடம் இருந்த இந்தச் சொல் நயம், படித்த நம்மிடம் ஏன் இல்லாமற்போனது?

மலாய் மொழியிடமிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். "திருமணம் ஆயிற்றா?" என்று மலாய் நண்பரைக் கேட்டால், ஆகாதவர் "தீடாக்" என்று சொல்வதில்லை, "பெலும்" என்பார். 'இன்னும் இல்லை' என்று பொருள். பள்ளிப் படிவங்களிலும் "பெலும் மெங்குவாசாய்" என்றுதான் எழுதுகிறோம். இன்னும் கைவரவில்லை. எவ்வளவு நல்ல சொல்! நாள்தோறும் மலாயில் 'பெலும்' என்று எழுதிவிட்டு, தமிழில் 'வராது' என்று பேசுகிறோமே.

நல்ல சொல்லைக் கொடுத்தால் மட்டும் போதாது என்பதும் என் அனுபவம். 2010-இல் லினுஸ் திட்டம் வந்தது. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் சேர வேண்டும் என்பது நோக்கம். எழுத்தறிவு, எண்ணறிவு என்பவற்றின் சுருக்கமே அந்தப் பெயர். ஓராண்டுக்குள் ஆசிரியர் அறையில் 'லினுஸ் பிள்ளை' பிறந்துவிட்டான். பிள்ளைகள் தங்களுக்குள் "டேய் லினுஸ்!" என்று அழைத்துக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன். 2011-இல் பள்ளிசார் மதிப்பீடு வந்து ஆறு பேண்டுகளைத் தந்தது. மிகத் தாழ்ந்த முதற்படிக்கே 'அறிவர்' என்றுதான் பெயர். இல்லை என்று தொடங்கவே இல்லை. அதையும் 'பேண்ட் 1 பிள்ளை' ஆக்கினோம். இன்று 'டிபி 1'. 2021-இல் யூபிஎஸ்ஆர் தேர்வே போய்விட்டது. முத்திரை குத்தும் பழக்கம் போகவில்லை. 'குறைநீக்கல் வகுப்பு' என்ற பெயரைப் பாருங்கள். நீக்குவதற்காக வந்த வகுப்பின் பெயரிலேயே குறை முதலில் வந்து உட்கார்ந்துவிட்டது.

உடன் பணிபுரியும் மூத்த ஆசிரியர் ஒருவரிடம் இவற்றைச் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. "இனிக்க இனிக்க எழுதித்தான் கெடுத்தோம். ஆறு ஆண்டுகளும் 'முயற்சி தேவை', 'முயற்சி தேவை' என்று எழுதுகிறோம். இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நாளில்தான் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது என்பதே பெற்றோருக்குத் தெரிகிறது. நேராகச் சொல்லிவிடுவது மேல்," என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 'முயற்சி தேவை' என்பது எதையும் சொல்லாத சொல். அதைவிட 'மக்கு' கூட நேர்மையானது! நான் வேண்டுவது இனிப்பை அன்று. 'வரவில்லை' என்று எழுதினால், எது வரவில்லை என்று அடுத்த வரியிலேயே எழுத வேண்டும். கொம்பு வரவில்லை. ஒற்று வரவில்லை. ல, ள, ழ பிரியவில்லை. கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை. அப்படி எழுத வேண்டுமானால் நாம் முதலில் பார்த்திருக்க வேண்டும். 'மந்தம்' என்று எழுத எதையும் பார்க்க வேண்டியதில்லை.

பெற்றோர்களுக்கும் ஒன்று. புதிதாக ஓர் ஆசிரியர் பள்ளிக்கு வந்தால் புலனக் குழுவில், "அனுபவமில்லாத டீச்சராம், வகுப்பை மாற்றச் சொல்லுங்கள்" என்று செய்தி பறக்கிறது. நான் முதன்முதலில் பணியில் சேர்ந்தபோது, "முளைத்து மூன்று இலை விடவில்லை" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். அன்று அழுதேன் என்பதை மறைப்பானேன்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நன்னூல் பாயிரம் படித்திருப்போம். மாணாக்கர் மூவகையினர் என்று மனப்பாடம் செய்தோம். தலைமாணாக்கர் அன்னமும் பசுவும் போன்றவர். இடைமாணாக்கர் மண்ணும் கிளியும். கடைமாணாக்கர் ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி. தேர்வுக்கு அதுதான் வரும் என்று அதையே உருப்போட்டோம். ஆனால் பவணந்தி முனிவர் மாணாக்கரைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, ஆசிரியர் ஆகத் தகாதவரைப் பற்றிப் பேசிவிட்டார். கழற்காய் இட்ட குடம், மடல் சூழ்ந்த பனை, பஞ்சு அடைத்த குண்டிகை, வளைந்த தென்னை என்று அங்கேயும் நான்கு உவமைகள். கழற்காய்க் குடத்தில் ஒவ்வொன்றாக இட்டாலும் கவிழ்த்தால் முறை மாறி விழும். முன்பின் குழப்பிப் பாடம் நடத்துபவர் அவர். பனை தன்மேல் யாரையும் ஏறவிடாது. தானாக விழுந்தால்தான் பழம். பஞ்சுக் குண்டிகையில் அடைப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. முடத்தென்னைக்கு நாம் நீர் ஊற்றுவோம், காய் அடுத்த வீட்டில் விழும். பொறாமை, ஆசை, வஞ்சகம் ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன. எத்தனை முறை படித்தும் 'அனுபவமின்மை' என்ற ஒன்றை நான் அதில் காணவில்லை. இருபது ஆண்டு பணியாற்றியவரும் கழற்குடமாக இருக்கலாம். நானே சில நாள் அப்படித்தான்.

நன்னூலாரோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். யாருக்கெல்லாம் நூல் சொல்லித் தரக்கூடாது என்ற வரிசையில் கள்வன், சோம்பேறி ஆகியோருடன் மந்தனையும் பிணியாளனையும் சேர்த்துவிட்டார். அவருக்கு அந்த உரிமை இருந்தது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்ட நாட்டில் பணியாற்றும் நமக்கு இல்லை. வாசலில் வந்து நிற்கும் அத்தனை பேரும் நம் பிள்ளைகளே.

ஆயினும் புதுக் கைக்குக் கிழட்டு மரம் கொடுத்த தோட்டத்து வழக்கத்தை நாம் தலைகீழாக்கிவிட்டோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் கண்டவரையில் பல இடங்களில் புதிய ஆசிரியருக்கு முதலாம் ஆண்டைக் கொடுத்துவிடுகிறோம்; தேர்ந்தவர்களை மேல் வகுப்புக்கு வைத்துக்கொள்கிறோம். இளம் பட்டையில் விழும் காயம்தான் முடிச்சாக நிற்கும். புதியவரை விரட்ட வேண்டியதில்லை; ஓராண்டு மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தினால் போதும்.

அந்தத் தாய் அன்று இன்னொன்றும் சொன்னார். தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்; எழுத மனம் வரவில்லை.

"இவன் அண்ணனுக்கும் இப்படித்தானே டீச்சர். நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க."

எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருந்தது. 2014-ஆம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு வகுப்பு. மூத்தவனின் தேர்ச்சி அறிக்கையில் வகுப்பாசிரியர் கருத்து என்ற கட்டத்தில் நான் எழுதிய மூன்று சொற்களை அவர் அப்படியே ஒப்பித்தார். "கற்கும் ஆற்றல் குறைந்தவர்." அறிக்கையை இன்னும் வைத்திருக்கிறாராம். டீச்சரே சொல்லிவிட்டார், குடும்பத்திலேயே படிப்பு இல்லை என்று அன்றே முடிவு செய்துகொண்டாராம். அதனால்தான் குழாய் ஒழுகுவதைச் சொல்வதைப்போல் அவ்வளவு அமைதியாகச் சொல்ல முடிந்திருக்கிறது. அந்தச் சொல் அவருடையது அன்று. என்னிடமிருந்து போய், பதினொரு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வீட்டில் இருந்துவிட்டு, தம்பிக்காக என்னிடமே திரும்பி வந்தது.

மூத்தவன் இப்போது சிங்கப்பூரில் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை, வீட்டுக்குப் பணம் தருகிறான் என்றார். புலனத்தில் எழுத்தில் செய்தி அனுப்புவதில்லையாம். எல்லாம் குரல் பதிவுதானாம். அவனுக்கும் கொம்புதான் வராமற்போயிற்றா? நான் அன்று பார்க்கவில்லை.

இளையவனின் அறிக்கையில் இம்முறை, "அகர, ஆகார, இகர, உகர வரிசைச் சொற்களைத் தடையின்றி வாசிக்கிறான். கொம்புள்ள எழுத்துகள் இன்னும் வரவில்லை. ஓய்வு நேரத்தில் பயிற்சி நடைபெறுகிறது," என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கட்டத்துக்குள் இடம் போதவில்லை. ஓரத்தில் சுற்றி எழுதினேன். மூத்தவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வேளை வேலை, கேட்டுப் பார்க்கிறேன் என்றார் தாய். இன்னும் வரவில்லை.